குடை நிழலில் பார்த்த இலை

என் அக்கா வீட்டுக்காரர் உருளைக்கிழங்கு வயலுக்குள் கறுப்புக் குடையோடு இறங்குவார். குடை அவருக்கு அல்ல, இலைக்கு. நேர் வெயிலில் இலையின் மஞ்சள் திட்டு கண்ணுக்குப் படாது. நிழல் விழுந்தால் தெரியும். செடி செடியாகக் குடை பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். திட்டு இருந்தால் செடியைக் கிழங்கோடு பிடுங்கிப் பைக்குள் திணித்து வாயைக் கட்டிவிடுவார், அதிலிருக்கும், நோயைச் சுமக்கும் அசுவினிப் பூச்சி பக்கத்துச் செடிக்குத் தாவிவிடக் கூடாதென்று. மிச்சம் நிற்கும் செடிகளின் கிழங்குதான் அடுத்த பருவத்துக்கு விதை. விதைக்கிழங்கு விற்பதுதான் அவர்கள் குடும்பத் தொழில். அக்காவுக்கு அவர் ஒரு நாளாவது குடை பிடித்திருப்பாரா என்று கேட்காதீர்கள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர் தம்பியின் வயல். எதைச் சொன்னாலும் ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்பதால் அவருக்கு ‘அப்புறம்’ என்றே பட்டப்பெயர். நான் சின்னவர் என்று சொல்லிவிடுகிறேன். அவர் வயலில் திட்டு விழுந்த செடியும் நிற்கும், நல்ல செடியும் நிற்கும். பிடுங்க ஆள் வரவில்லை என்பார். அவரும் வரவில்லை என்பதைச் சொல்ல மாட்டார்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு குளிர்பதனக் கிடங்கு. நட்டது போக விற்பனைக்கான விதைக்கிழங்கு அங்கேதான் இருக்கும். இந்த வருஷம் அதன் இயந்திரம் பழுதாகிக் கிடங்கு சூடேறிப் போனது. சரிசெய்து மூட்டைகளைப் பிரித்தபோது, இருவர் கிழங்கிலும் தோலைச் சுற்றிப் பழுப்பு வளையங்கள். வைரஸ். சூட்டில்தான் அந்த வளையம் வெளியே வரும். விதையென்று அதை யாரும் வாங்க மாட்டார்கள்.

நான் பயிர் வைரஸ்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். அக்கா கூப்பிட்டதும் போனேன். கிடங்கு வாசலிலேயே பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது.

“உன் வயல்ல இருந்து வந்த வியாதிடா இது. உன் செடி மூஞ்சியப் பார்த்தாலே தெரியுதே” என்றார் அத்தான்.

“இருக்கும்ணே” என்றார் சின்னவர். அவரோடு சண்டை போடுவது மகா கஷ்டம். எதிராளிக்கு வேலையே வைக்க மாட்டார்.

“யார் வயல்ல இருந்து வந்துச்சுன்னு இவ கண்டுபிடிச்சுச் சொல்லட்டும். அந்த வயல மொத்தமா உழுதுடணும். அந்த ஆள் இனிமே விதையே விக்கக் கூடாது. சம்மதமா?”

“சரிண்ணே.”

சின்னவர் மனைவி என்னைப் பார்த்தாள். அவர்களுக்கு அந்த வயலை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு வயலிலும் நல்ல செடி, கெட்ட செடி பார்க்காமல் இலை பறித்தேன். தன் வயலுக்குள் நான் இறங்கியது அத்தானுக்குப் பிடிக்கவில்லை.

“இங்க எதுக்கும்மா வீண் வேலை?”

“அதுக்குத்தான் அத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க.”

வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது அங்கங்கே தப்பு விடும். அந்தத் தப்பு அதன் பிள்ளைகளுக்கும் போகும். தப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தால் எது எதற்குச் சொந்தம் என்று வம்சாவளி போட்டுவிடலாம். ஒரு வம்சம் ஓரிடத்தில் எவ்வளவு காலம் குடியிருக்கிறதோ அவ்வளவு கிளை விட்டிருக்கும். நேற்று வந்ததற்குக் கிளை இருக்காது.

சின்னவர் வயலில் இரண்டு பழைய வகைகள் இருந்தன. இலையில் திட்டாகத் தெரிகிற வகைகள். அவற்றோடு மூன்றாவது ஒன்று: தலைப்பக்கம் ஒன்றிலிருந்தும் வால்பக்கம் மற்றதிலிருந்தும் வந்தது. எப்போதோ ஒரே செடியில் இரண்டும் குடித்தனம் நடத்தியபோது கலந்து பிறந்திருக்கிறது. அது இலையில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. கிழங்கில்தான் வளையம் போடும். சின்னவர் வயலில் அதற்கு ஒரே ஒரு குச்சிக் கிளை.

அத்தான் வயலில் பழைய வகை மருந்துக்குக்கூட இல்லை. எல்லாம் அந்த மூன்றாவதுதான், கிளை கிளையாக. சின்னவரின் குச்சி அதில் ஒரு கிளையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் அது வந்தது அத்தான் வயலிலிருந்து. சோதனையை நானே மறுபடி செய்தேன். என்மேல் நம்பிக்கை இல்லாமல் பக்கத்து மேஜைக்காரியையும் செய்யச் சொன்னேன். மாறவில்லை.

அக்கா வீட்டுச் சமையலறையில் வைத்துச் சொன்னேன். சின்னவரும் மனைவியும் கதவோரமாக நின்றிருந்தார்கள். பழைய வகை ஒன்றுகூட இல்லை என்றதுமே அத்தான் குறுக்கே வந்தார்.

“அப்ப என் வயல்ல வியாதி இல்லேன்னுதானே அர்த்தம்?”

“வெளிய தெரியற வியாதி இல்ல அத்தான். தெரியாத வியாதிதான் இருக்கு. வாய்க்கால் தாண்டி அந்தப் பக்கம் போனதும் இங்க இருந்துதான்.”

“ஒரு செடி விடாம பார்த்திருக்கேன்மா நான்.”

“பார்த்ததாலதான். கண்ணுக்குத் தெரிஞ்சத எல்லாம் பிடுங்கிட்டீங்க. தெரியாதது மட்டும் தப்பிச்சு விதையாச்சு. வருஷா வருஷம் நீங்களே அதுக்கு இடம் ஒழிச்சுக் குடுத்திருக்கீங்க.”

“கொஞ்சம் பதமாச் சொல்லேன்டி” என்றாள் அக்கா.

பதமாகச் சொன்னால் வைரஸ் வேறு வயலுக்குப் போய்விடுமா என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அத்தான் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சோம்பேறியைத் திட்டுவதற்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை. இப்படி உழைத்த மனுஷனிடம் என்ன சொல்வது? அவர் சாப்பிடாமல் எழுந்து போனார்.

காலையில் வயலில் இருந்தார், குடையோடு. நானும் வரப்பில் இறங்கினேன். ஒரு செடிமேல் நிழல் விழும்படி குடையைச் சாய்த்துக் குனிந்து பார்த்தார்.

“இதுல இருக்கா?”

“தெரியாது அத்தான்.”

அடுத்த செடி. “இதுல?”

“பார்த்துச் சொல்ல முடியாது அத்தான். யாராலயும் முடியாது.”

பிறகு குடையை மடக்கிக்கொண்டு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பியைக் கூப்பிட்டார்.

“டேய், டிராக்டரை எடுத்துட்டு வா.”

சின்னவர் அசையவில்லை. “அப்புறம் பாத்துக்கலாம்ணே.”

“சொன்ன சொல்லு சொன்னதுதான். எடுத்துட்டு வாடா.”

“அப்புறம்ணே” என்றார் சின்னவர் மறுபடியும்.

அத்தான் அவருக்காகக் காத்திருக்கவில்லை. குடையை என் கையில் கொடுத்துவிட்டுத் தானே போய் டிராக்டரில் ஏறினார். முதல் வரிசை கலப்பைக்கு அடியில் புரண்டது. செடிகள் இடுப்பளவு நின்றன. அத்தனையும் பச்சை. ஒரு இலையில்கூடத் திட்டு இல்லை.