நாற்காலிக்கு இடப்பக்கம் ஒன்றரை அடி

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள் நால்வர். இடப்பக்கம் சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில், கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு நான். சமையலறை வாசலில் முக்காலி போட்டு, பஞ்சும் படிகாரக் கட்டியுமாக என் மனைவி. மாடியில் குடியிருக்கும் பிளம்பர், கூப்பிடாமலே வந்து, வாஷிங் மெஷின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். நின்றது என் மச்சினன் மட்டும். அவன் கையில் சவரக் கத்தி.

மச்சினன் முடிதிருத்துபவன். பத்து வாரத்துக்கு முன் ஈரப் படிக்கட்டில் வழுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டுக்குச் சற்று மேலே இரண்டு எலும்பும் முறிந்தன. எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்தபோது முன்கை பாதியாக இளைத்திருந்தது. அதன்பின் தினமும் மூன்று வேளை பந்தை அமுக்கினான், ஈரத் துண்டைப் பிழிந்தான், சுத்தியலின் பிடியைப் பற்றி இப்பக்கமும் அப்பக்கமும் சாய்த்தான். விரல்கள் சீக்கிரமே வழிக்கு வந்தன. உள்ளங்கையை மேலே திருப்புவது மட்டும் முக்கால் தூரத்தில் நின்றுவிட்டது. அதில் மாத்திரையை வைத்தால் உருண்டு விழும்.

வெளியூரில் அவன் பதினொரு வருஷமாக வேலை பார்க்கும் கடையிலிருந்து முதலாளி எழுதியிருந்தார். முதல் தேதிக்குள் வராவிட்டால் அவன் நாற்காலிக்கு வேறு ஆள். "கை சரியாகிவிட்டது என்று நீயே சொல்லாதே. உன் கையால் சவரம் செய்துகொண்ட ஒருவர் எழுதி அனுப்பட்டும்." முதல் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. வீட்டில் மழிக்க முகம் உள்ளவன் நான் ஒருவன். ஆகவே நான்கு நாள் தாடியோடு உட்கார்ந்தேன்.

"அத்தான், தொண்டையை ஆட்டாதீங்க."

"நான் எங்க ஆட்டுறேன், மாப்ளே? அதுவா ஆடுது."

"தைரியமா போடுடா தம்பி," என்றாள் மனைவி. "இன்சூரன்ஸ் எல்லாம் ஒழுங்கா கட்டியிருக்காரு."

வலது கன்னம் நான்கே இழுப்பில் முடிந்தது. மேலுதடும் முகவாயும் அப்படியே. இடது தாடைக்கு அடியில் வந்தபோதுதான் கை நின்றது. மணிக்கட்டைச் சுழற்றி, உள்ளங்கை மேலே பார்க்க இழுக்க வேண்டிய இடம் அது. முழங்கையைத் தூக்கிப் பார்த்தான், தோளைச் சாய்த்துப் பார்த்தான். காதுக்குக் கீழே எனக்குச் சுருக்கென்றது.

"சின்ன லீக்குதான் சார்," என்றார் பிளம்பர். "வாஷர் மாத்த வேண்டாம்."

மனைவி ஓடி வந்து படிகாரத்தை வைத்து அழுத்தினாள். "இதையெல்லாம் கடிதத்துல எழுதிட்டு இருக்காதீங்க. பழைய மாதிரியே இருக்குன்னு ரெண்டு வரி எழுதி முடிங்க."

"ரத்தம் வந்திருக்கேம்மா."

"உங்க ரத்தம்தானே? எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல."

மச்சினன் சிரிக்கவில்லை. "கடைக்கு வர்றவங்களுக்கு இருக்குமே, அக்கா," என்று கத்தியைத் துடைத்தான். என் இடப்பக்கம் வரப் பார்த்தான், சுவர் தடுத்தது. "அண்ணே, அத்தானைக் கொஞ்சம் இழுங்க."

பிளம்பர் என்னை நாற்காலியோடு கூடத்தின் நடுவுக்கு இழுத்துப் போட்டார். மச்சினன் பின்னால் சுற்றி வந்து இடப்பக்கம் நின்றான். அங்கிருந்து அதே தாடைக்கு உள்ளங்கை கீழே பார்த்தாலே போதும். கத்தி பட்டதே தெரியவில்லை. நுரை போனதுதான் தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். மொத்தம் பத்தொன்பது நிமிஷம்.

"அப்புறமென்ன? அங்கயும் சுத்தி வந்து செய்," என்றாள் மனைவி.

"என் நாற்காலி ஓரத்துல இருக்கு, அக்கா. இடப்பக்கம் சுவர். பல்லிதான் போய் வரலாம்."

"நகர்த்திப் போடச் சொல்லு," என்றார் பிளம்பர். "பக்கத்துல இடம் இருக்கா?"

"அடுத்த நாற்காலிக்கு நடுவுல நாலடி இருக்கு. ஆனா தரையோட நாலு போல்ட்டு போட்டிருக்கு."

"நாலே நாலு போல்ட்டா? ஒரு மணி நேர வேலைப்பா!"

"நாற்காலியை நகர்த்துன்னு கேட்டா இவனையே நகர்த்திடுவாரு," என்றாள் மனைவி. அவள் குரலில் விளையாட்டு போயிருந்தது.

நான் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு மச்சினனைப் பார்த்தேன். அவன் விரல்களை மடக்கி விரித்துக்கொண்டிருந்தான்.

"பழைய மாதிரின்னு எழுதினா, முதல் நாளே யாரோ ஒருத்தர் கழுத்துல தெரிஞ்சுடும். நடந்ததை எழுதுங்க, அத்தான்."

எழுதினேன். எத்தனை நிமிஷம், எந்த இடத்தில் கை நின்றது, எந்தப் பக்கம் நின்றபோது பிசகாமல் செய்தான், எல்லாம் வரிசையாக. 'நாற்காலியைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் போட்டால் தங்களுக்குப் பழைய வேலைக்காரர் கிடைப்பார். இதை அவர் கையால் சவரம் செய்துகொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.'

மனைவி வாங்கிப் படித்தாள். முகம் தெளியவில்லை. "காயம் அரை அங்குலம்னு போட்டிருக்கீங்க. அவ்வளவு இல்ல."

ஸ்கேல் கொண்டுவரச் சொன்னேன். அவளே என் காதுக்குக் கீழே வைத்து அளந்தாள். கால் அங்குலம். அடித்துத் திருத்தி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டேன்.

மச்சினன் உறையைப் பசை தடவி மூடி, மேசைமேல் வைத்து, வலது உள்ளங்கையால் ஓரம் முழுக்க அழுத்தித் தேய்த்தான். பத்தரை மணிக்கு இருவரும் தெருமுனைக்கு நடந்து போனோம். தபால் பெட்டியில் அவன்தான் போட்டான். அடியில் போய் விழுந்த சத்தம் கேட்ட பிறகே திரும்பினோம்.