பேப்பரை நிறுத்திய சலூன்காரர்

சலூன்காரருக்குக் குரல் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. தொண்டையில் வந்த கட்டியோடு குரல்வளையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் இருக்கும் ஒரு துளை வழியாகத்தான் இப்போது மூச்சு. வெட்டுகிற முடி பறந்து அதற்குள் போய்விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், மெல்லிய துணி ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கடையில் நிற்பார். சொல்ல வேண்டியதை ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் மைப்பேனாவால் எழுதிக் காட்டுவார். சாக்பீஸ் தூளும் அவருக்கு ஆகாது.

அதற்கு முன் அவர் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. கடையைத் திறந்ததும் பேப்பரைப் பிரித்து, ஒரு கையில் சீப்பும் ஒரு கையில் செய்தியுமாக உரக்கப் படிப்பார். கன்னம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருப்பவர்கூட, "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டு வாயில் சோப்பை வாங்கிக்கொள்வார். இப்போது வருகிறவர்கள் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு வரிசையில் காத்திருந்தார்கள். பேப்பர் மட்டும் தவறாமல் வந்து, மடிப்புக் கலையாமல் பெஞ்சுக்கு அடியில் ஏறிக்கொண்டே போனது.

அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராகக் கடைக்கு வந்து தரையைப் பெருக்கிக் கொடுத்துவிட்டுப் போவார். ஒருநாள் துடைப்பம் பேப்பர் கட்டில் மாட்டிக்கொண்டது.

"ஏங்க, இதை யாரு படிக்கிறா? மாசம் பொறந்தா உங்க கார்டுல இருந்து பணம் மட்டும் கரெக்டா போயிடுது."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பலகையில் எழுதினார்: 'நிறுத்திடலாம்.'

அந்த ஒரு வார்த்தையை நடத்திக் காட்ட ஐந்து மாதம் ஆகும் என்று இரண்டு பேருக்குமே அப்போது தெரியாது.

சந்தாவை அவர் இணையதளத்தில்தான் கட்டியிருந்தார். அப்போது குரல் நன்றாக இருந்தது, ஆனால் யாரும் அதைக் கேட்கவில்லை. பெரிய சிவப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்தினார், மறுநாளே பேப்பர் வந்துவிட்டது. இப்போது நிறுத்துவதற்குப் பொத்தானைத் தேடினால் எந்தப் பக்கத்திலும் இல்லை. தேடித் தேடிக் கடைசியில், கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும் எழுத்தில் ஒரு வரி கிடைத்தது: சந்தாவை நிறுத்த விரும்புவோர் தொலைபேசியில் அழைக்கவும். கீழே ஒரு எண்.

மனைவி அழைத்தார். இருபது நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் பேசினாள்.

"சந்தா சார் பேர்ல இருக்கு மேடம். அவர் பேசினாத்தான் நிறுத்த முடியும். அவர்கிட்ட குடுங்க."

"அவரால பேச முடியாதும்மா. குரல்வளையை எடுத்துட்டாங்க."

"கேக்கவே கஷ்டமா இருக்கு மேடம். அதிகம் பேச வேண்டாம். நிறுத்தணுமான்னு கேப்பேன், ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

மனைவி போனைக் கணவரிடம் நீட்டினார். அவர் சீப்பின் முனையால் அதன் மேல் ஒருமுறை தட்டினார். இன்னொருமுறை தட்டினார்.

"லைன் சரியில்ல போல இருக்கு சார். உங்க சிரமத்துக்காக அடுத்த மாசம் ஒரு வார இதழும் சேத்து இலவசமா அனுப்புறோம்." போன் வைக்கப்பட்டது.

சொன்னபடியே அடுத்த மாதம் பேப்பரோடு ஒரு வார இதழும் வந்து விழுந்தது. அடியில் குவிந்த கட்டு முட்டிப் பெஞ்சு ஆடத் தொடங்கியது.

விஷயம் மனைவியின் தம்பி காதுக்குப் போனது. குழாய் வேலை செய்கிறவன், எந்த அடைப்பையும் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுவேன் என்ற நினைப்பு அவனுக்கு உண்டு.

"இதெல்லாம் ஒரு பிரச்சனையா மாமா? நான் உங்கள மாதிரி பேசிட்டு வச்சுடறேன். அவனுங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

கடையில் வைத்தே அழைத்தான். குரலைக் கனமாக்கிக்கொண்டு சலூன்காரரின் பெயரைச் சொன்னான். முகவரி சொன்னான். பிறந்த தேதி கேட்டார்கள், பழக்கதோஷத்தில் தன் தேதியைச் சொன்னான். வயது இருபது குறைந்துவிட்டதே என்று அவர்கள் கேட்க, ஆபரேஷனுக்குப் பிறகு தெம்பாக இருக்கிறேன் என்று சமாளித்தான். முடி வெட்டக் காத்திருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள்.

சலூன்காரர் சிரிக்கவில்லை. கத்தரியை வைத்துவிட்டு வந்து, அவன் கையிலிருந்த போனை வாங்கி அணைத்தார். பிறகு நிதானமாக எழுதினார்: 'என் குரல்னு சொல்லி வேற யாரும் பேச வேண்டாம்.'

தம்பியின் முகம் வாடிவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க மாமா" என்றான் மெதுவாக. அவர் அவன் தோளைத் தட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினார். ஆனால் அன்று முழுவதும் அவர் மனம் ஆறவில்லை. குரல் போனதை அவர் எப்படியோ ஏற்றுக்கொண்டிருந்தார். குரல் இல்லாதவன் சொன்னால் சொன்னதாகவே கணக்கில்லை என்கிறார்களே, அதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, கடைக்கு விடுமுறை. கண்ணாடிகளைத் துடைக்கப் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பழைய பேப்பரை உருவி, தண்ணீரில் நனைக்கப் போனார். உள்பக்கத்தில் 'வாங்குபவர் உரிமை' என்று ஒரு பகுதி கண்ணில் பட்டது. ஒரு வாசகர், உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்துவிட்டு வெளியே வர முடியாமல் தவிப்பதாகக் கேட்டிருந்தார். பேப்பர்க்காரர்கள் பதில் சொல்லியிருந்தார்கள். எந்த வழியில் சேர்த்தார்களோ அந்த வழியிலேயே விலகவும் விட வேண்டும். விலகுகிறேன் என்று எழுத்தில் கொடுத்தாலே செல்லும். கொடுத்த நாளுக்குப் பிறகு பிடித்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மறுத்தால் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போகலாம், வக்கீல் வைக்க வேண்டிய அவசியமில்லை.

சலூன்காரர் நின்றபடியே இரண்டுமுறை படித்தார். பிறகு வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து மூன்றாவது முறை படித்தார். எத்தனையோ தலைகளைப் பார்த்த கத்தரியை எடுத்து, பக்கத்தின் தலைப்போடு சேர்த்து ஓரம் பிசகாமல் அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்.

அன்று மதியமே கடிதம் எழுதி, கிடைத்ததற்குக் கையெழுத்து வாங்கும் தபாலில் அனுப்பினார். சந்தா எண், சேர்ந்த தேதி, நிறுத்த வேண்டிய தேதி, தன்னால் ஏன் பேச முடியாது என்பதற்கு ஆஸ்பத்திரிச் சான்று. ஒரு பக்கம்தான். பத்து நாளில் பதில் வந்தது. 'எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி. சந்தாவை நிறுத்தக் கீழ்க்கண்ட எண்ணை அழைத்துப் பேசவும்.'

மனைவிக்குக் கோபம் தலைக்கேறியது. "நேரா அவங்க ஆபீஸ் வாசல்ல வேனைக் குறுக்க நிறுத்திடறேன். எவன் உள்ள போறான் பாத்துடறேன்."

அவர் கையமர்த்தினார். 'வேனை வேற எடத்துக்கு ஓட்டு' என்று எழுதி, கீழே மன்றத்தின் முகவரியையும் எழுதினார்.

மன்றத்தில் கொடுத்த படிவம் நான்கே பக்கம். மனுதாரர் கோருவது என்ன என்ற இடத்தில், பணம் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி எழுதினார். பேனாவை மூடப் போனவர் மறுபடி திறந்து இரண்டாவது வரி எழுதினார்: 'என்னைப் போலப் பேச முடியாதவர்களுக்கும், பேச விரும்பாதவர்களுக்கும், நிறுத்துவதற்கு ஒரு பொத்தான் வைக்க வேண்டும்.'

விசாரணை நாளன்று மனைவி பிள்ளைகளை இறக்கிய கையோடு அவரை ஏற்றிக்கொண்டு போனார். மன்றத்தின் தாழ்வாரத்தில் மர பெஞ்சுகள், மேலே கிறீச்சிடும் மின்விசிறி. பேப்பர் கம்பெனியின் வக்கீல் சிரித்த முகமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, சின்ன விஷயம் இது. உள்ள போய் நேரத்தை வீணாக்க வேண்டாமே. பிடிச்ச பணத்தை எல்லாம் திருப்பிக் குடுத்துடறோம். அதுக்கு மேல, மரியாதைக்காக ஆயுள் முழுக்க உங்களுக்குப் பேப்பர் இலவசம். மனுவை மட்டும் வாபஸ் வாங்கிடுங்க."

சலூன்காரர் பலகையில் எழுதி, வக்கீலைத் தாண்டி மனைவியிடம் காட்டினார்: 'நிறுத்துறதுன்னா என்னன்னு இவங்களுக்கு இன்னும் புரியல.'

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு வக்கீலிடம் சொன்னார், "அவர் உள்ளயே போகலாம்கிறாருங்க."

மன்றத்தின் தலைவி நரைத்த குட்டை முடிக்காரர். காகிதங்களை முன்பே படித்திருந்தார். வக்கீல் எழுந்து நீளமாகப் பேசினார். சந்தாதாரரின் பாதுகாப்புக்காகத்தான் குரல் உறுதி கேட்கிறோம், யாரோ ஒருவர் இன்னொருவர் பெயரில் நிறுத்திவிடக் கூடாது பாருங்கள் என்றார்.

"சரி. சேரும்போது குரலைக் கேட்டீங்களா?" என்றார் தலைவி.

"சேரும்போது... இணையதளத்துலயே சேந்துடலாம்ங்க."

"யாரோ ஒருத்தர் இன்னொருத்தர் பேர்ல சேந்துட்டா பரவாயில்லையா?"

வக்கீல் கோப்பைப் புரட்டினார்.

தலைவி சலூன்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாவது சொல்லணுமாய்யா? அவசரமில்ல, எழுதுங்க. எழுதி முடிக்கிற வரைக்கும் யாரும் பேச மாட்டாங்க."

அந்த அறை முழுவதும் அவருக்காகக் காத்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனையோ பேர் அவர் எழுதும்போது பாதியிலேயே ஊகித்துச் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பியிருக்கிறார்கள். இங்கே பேனா பலகையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. மனைவி சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, கணவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பலகையைத் தூக்கிக் காட்டினார். 'நிறுத்துன்னு போன்ல தட்டிச் சொன்னேன். கடிதத்துல சொன்னேன். இப்ப உங்க முன்னால சொல்றேன். சட்டம் இவங்களுக்குத் தெரியாதுன்னு நான் நம்பல. எனக்கே இவங்கதான் சொல்லிக்குடுத்தாங்க.'

பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தப் பேப்பர் துண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

தலைவி படித்தார். முழுக்கப் படித்துவிட்டு வக்கீலிடம் நீட்டினார். "இது எந்தப் பேப்பர்ல வந்ததுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

வக்கீல் வாங்கிப் பார்த்தார். தலைப்பில் தேதியும் பேப்பரின் பெயரும் சுத்தமாக இருந்தன. "எங்களுதுதான்ங்க" என்றார், பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத குரலில்.

"சத்தமாச் சொல்லுங்க. பதிவு பண்ணணும்."

"எங்க பேப்பர்தான்."

பின்வரிசையில் தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள் சிரிக்க, மன்ற எழுத்தர்கூடக் குனிந்துகொண்டார்.

தீர்ப்பு அன்றே சொல்லப்பட்டது. கடிதம் கிடைத்த நாளோடு சந்தா முடிந்தது. அதற்குப் பிறகு பிடித்த பணம் திரும்ப வேண்டும், அலைக்கழித்ததற்கு ஒரு தொகையும் தர வேண்டும். தலைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மீதியைப் படித்தார். முப்பது நாளுக்குள், சேரும் பொத்தான் இருக்கிற அதே பக்கத்தில், அதே அளவில், நிறுத்தும் பொத்தானும் இருக்க வேண்டும். எல்லாருக்கும்.

வெளியே வந்ததும் மனைவி வேனில் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போடப் போனவர் கணவர் பக்கம் திரும்பினார். "பெரிய ஆளுதாங்க நீங்க" என்றார். சலூன்காரர் பலகையை எடுத்தார். மன்றத்தில் எழுதிக் காட்டியதை அழித்துவிட்டுத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார்.

பொத்தான் இருபத்தெட்டாம் நாள் வந்தது. அன்று கடையில் நல்ல கூட்டம். நாற்காலியில் கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்த டாக்ஸி ஓட்டுநர், சலூன்காரர் கண்ணாடி வழியாகப் பார்க்கும்படி போனை உயர்த்திப் பிடித்தார். இவரும் ஒரு வருடமாக அதே பேப்பரை நிறுத்த முடியாமல் மாரடித்துக்கொண்டிருந்தவர்தான். பக்கத்தில் காத்திருந்தவர்களும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, அதே சிவப்பில், அதே அளவில் இன்னொன்று.

ஓட்டுநர் அழுத்தினார். திரையில் ஒரு வரி வந்தது. அவர் அதை உரக்கப் படித்தார். "'உங்கள் சந்தா நிறுத்தப்பட்டது.' அவ்வளவுதானா? ஏன் எதுக்குன்னு ஒரு கேள்விகூடக் கேக்கல."

பெஞ்சில் இருந்த ஒருவர் தன் போனையும் எடுத்தார். "இருங்க, எனக்கும் ஒண்ணு இருக்கு."

சலூன்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாத சிரிப்பு. கழுத்துத் துணி படபடவென்று அடித்துக்கொள்ள, தோளிரண்டும் குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தார்.

ஓட்டுநர் கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு அசையாமல் சொன்னார், "அண்ணே, நல்லாச் சிரிங்க. கத்தியை மட்டும் கீழ வச்சுட்டுச் சிரிங்க."