நூறிலேயே நின்ற தர்மாமீட்டர்

இப்போதெல்லாம் யாரும் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. தேங்காயைக்கூட ஆட்டிப் பார்க்காமல் வாங்கிப் போகிறார்கள். பக்கத்து வீட்டு சீனிவாசலு நாயக்கரும் அப்படித்தான். மில்லில் வயர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர்.

சனிக்கிழமை ராத்திரி, அடையில் இருந்த எங்கள் சாம்பல் கோழியை நாய் பிடித்துவிட்டது. ஐந்து நாள் அடைகாத்த பதினொரு முட்டை மிச்சம். அந்த வகையில் வேறு கோழி எங்களிடம் கிடையாது. என் சம்சாரம் வள்ளியாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. நாயக்கர் தெர்மாகோல் பெட்டியில் ஒரு குண்டு பல்பைப் பொருத்தி, கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, முட்டைகளை வாங்கிக்கொண்டார். சூடு நூறு டிகிரியிலேயே நின்றால் குஞ்சு நிச்சயம் என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் கோழி இல்லாமல் கோழி வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பல்பைப் பொருத்தியது மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பல்லடத்தில் அன்றைக்கு விசைத்தறிகளுக்கு லீவு. திங்கட்கிழமை காலையில் வீதி முழுக்கத் தறி ஓட ஆரம்பித்ததும் கரண்ட் இறங்கி, பல்பு மங்கிச் சிவந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். தர்மாமீட்டர் நூறிலேயே நின்றது.

வெளிச்சம் பாதியாகிவிட்டது, சூடு மட்டும் எப்படிக் குறையாமல் இருக்கும் என்று கேட்டேன். மூடி இறுக்கம், திறந்தால்தான் கெடும் என்று நாயக்கர் என் கையைத் தட்டிவிட்டார். அவர் அந்தப் பக்கம் போனதும் திறந்தேன். ஒரு முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். சூடே உறைக்கவில்லை. தர்மாமீட்டரை எடுத்தேன். காய்ச்சல் பார்க்கிற தர்மாமீட்டர் அது. நாயக்கரைக் கூப்பிட்டேன்.

“நாயக்கரே, இத எப்ப உதறுனீங்க?”

“எதுக்குங்க உதறோணும்?”

“ஆசுபத்திரியில நர்சம்மா ஒவ்வொரு வாட்டியும் உதறித்தானுங்க வெக்குது. ஏறுனது தானா எறங்காதுங்க.”

நாயக்கர் அதை வாங்கி, உதறி உள்ளே வைத்தார். கோடு தொண்ணூற்றைந்தைத் தாண்டவில்லை. உடனே தறி ஓடும் நேரத்துக்கென்று தனி சுவிட்சோடு இரண்டாவது பல்பைப் போட்டார்.

சேதி கேட்டு வள்ளியாத்தாள் ஓடிவந்தாள். “ஏனுங்க, உசுரு போயிருக்குமுங்களா?” என்று என்னையே கேட்டாள். எனக்கென்ன தெரியும்.

சாயங்காலம் நாயக்கர் அறையை இருட்டாக்கி, ஒரு முட்டைக்கு அடியில் டார்ச்சைப் பிடித்தார். உள்ளே சிலந்திக் கால் மாதிரிச் சிவப்பு நரம்புகள். நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. அது துடித்தது. வள்ளியாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அசஞ்சது முட்டையா, உங்க கையாங்க?” என்றேன்.

நாயக்கர் டார்ச்சை ஒரு டப்பாவுக்குள் நட்டு, முட்டையை அதன்மேல் உட்கார வைத்துக் கையை எடுத்தார். நான் குனிந்து பார்த்தேன். மறுபடியும் துடித்தது. நெடுநேரம் பார்த்தேன்.

“இன்னிக்கு அசையுது, சரிங்க. நாளைக்கு?” என்று துண்டை உதறித் தோளில் போட்டேன். “எதுக்கும் அடுத்த வீதி மாசாணத்தூட்டுல அடைக்கு உக்காந்த கோழி இருக்குதான்னு கேட்டுப்போட்டு வாரேன்.”

பின்னால் நாயக்கர் சிரிப்பது கேட்டது. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.