ஒரு பலகை ஆழம்

புற்றுநோய் மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவில் அவரை எல்லோரும் அளவுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இயந்திரத்திலிருந்து பாயும் எலக்ட்ரான்கள் உடம்புக்குள் எவ்வளவு ஆழம் போகும் என்று தினமும் காலையில் அளப்பது அவர் வேலை. ஒரு மயிரிழை பிசகினாலும் அன்று யாருக்கும் சிகிச்சை கிடையாது. அப்படிப்பட்ட கறார் பேர்வழிக்கு இப்படியா ஒரு சோதனை வரவேண்டும்? நோயாளியாக வந்து நின்றது கூடப்பிறந்த தங்கை.

போன வருடம் அவள் மார்புத் தோலில் இருந்த கட்டி இதே இயந்திரத்தில்தான் கரைந்தது. பயந்துபோயிருந்தவளுக்கு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைச் சொல்லித்தான் விளக்கினார். மேலே சும்மா நிற்கிற தண்ணீருக்குள் ஆற்றல் ஒளிந்திருக்கிறது. குழாயைத் திறந்தால் அதுவே வேகமாகிவிடுகிறது. எலக்ட்ரானும் அப்படித்தான். மின்புலம் இழுக்க இழுக்க நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறும். உடம்புக்குள் முட்டி மோதி அதைச் செலவழித்துவிட்டு நின்றுவிடும்.

"அப்ப உன்ன மாதிரின்னு சொல்லு. வெளியில ஊரையே கலக்கிட்டு, வீட்டுக்குள்ள வந்ததும் சோபாவுல சாஞ்சிடுவே" என்று அவள் சிரித்தாள்.

இப்போது கட்டி விலா எலும்புக்குப் பின்னால் இறங்கியிருந்தது. எலக்ட்ரான் அதுவரை போகாவிட்டால் தன்னிடம் வேறு வழியில்லை என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். மின்னழுத்தத்தை ஏற்றி வேகத்தைக் கூட்டலாம்தான். கூட்டினால் கட்டியை ஒட்டித் துடிக்கும் இதயம் வெந்துபோகும்.

சதைக்குச் சமமான பிளாஸ்டிக் பலகைகளைக் கட்டியின் ஆழத்துக்கு அடுக்கி, அடியில் கதிரை அளக்கும் மானியை வைத்தார். வெளியே வந்து இயந்திரத்தை இயக்கினார். மேசைத் திரையில் மானியின் எண் பூஜ்யத்திலேயே நின்றது. மறுபடியும் இயக்கினார். கணக்குப் போட்டபோதே தெரிந்த விடைதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. அதற்குள் தங்கை தானும் பார்க்கவேண்டும் என்று கட்டுப்பாட்டு மேசை முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். எதையோ சரிசெய்வதாகச் சொல்லி அவர் உள்ளே போய்த் திரும்பினார். இம்முறை எண் ஏறியது.

"பாத்தியா, போய்ச் சேருது" என்றார்.

அவள் எண்ணைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த கேமராத் திரையைக் காட்டினாள். உள்ளே படுத்திருப்பவர்மேல் எப்போதும் ஒரு கண் இருக்கவேண்டும் என்று நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி அந்தக் கேமராவை மாட்டவைத்ததே அவர்தான். பாழும் மனசுக்கு அது மறந்துபோயிருந்தது.

"ஒரு பலகைய எடுத்து கட்டிலுக்கு அடியில வெச்சே அண்ணா. போய் திரும்ப அடுக்கிட்டு வா."

போனார். அதை எடுத்து அடுக்கினார். திரும்பி வந்து பொத்தானை அழுத்தினார். இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எண் பூஜ்யத்தைவிட்டு நகரவில்லை.

அளவுக்காரர் சின்னப் பிள்ளைபோல் உடைந்து அழுதார். தங்கை அவர் தலையை இழுத்துத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டாள். கட்டிக்குப் பின்னால் அவளுடைய இதயம் ஒரு குறையும் இல்லாமல் அடித்துக்கொண்டிருப்பது அவருக்குக் கேட்டது.