எட்டு நாள் பிந்திய கேள்வி

என் மனைவி தெய்வானை நினைப்பது எட்டு நாள் கழித்துத்தான் எனக்குக் கேட்கும். பக்கவாதத்தில் பேச்சு நின்றதும் அவள் தலையில் ஒரு தொப்பி மாட்டினார்கள். தொப்பி நினைப்பைப் படிக்கும். கட்டிலோரப் பெட்டி அதைக் குரலாகச் சொல்லும். நடுவில் எட்டு நாள் ஓடிவிடும்.

இருபத்திரண்டு வருடமாக மதியம் ஒரு மணிக்கு "சாப்டீங்களா?" என்று கேட்பவள். அவள் கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது. அதனால் போன ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை இந்தத் திங்கட்கிழமை சாப்பிட்டேன். நான் பதில் சொன்னால் விழிப்பாள். பாவம், கேட்டதையே மறந்திருப்பாள். ஒரே வீட்டில் இரண்டு கிழமை. எனக்கு அழுகை அழுகையாக வரும்.

நினைப்பை வேகப்படுத்தும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே அவசரமாக நடந்தால் தாழ்வாரம் நீளும். ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்தேன். போய்ச் சேர்ந்துவிட்டேன்.

கண்காணிப்பாளர் சென்னியப்பன் கோப்பைப் புரட்டினார்.

"இத்தன நாளா ஒத்த ஆளு படிச்சிட்டிருந்தானுங்க. அதான் லேட்டு. இனி நினைப்ப அறுவத்தி நாலாப் பிரிச்சு, அறுவத்தி நாலு பேரும் ஒரே நேரத்துல படிப்பாங்க. அப்புறம் ஒட்டிக்கலாம்."

"வலிக்குங்களா?"

"யாருக்கு?"

தெரியவில்லை என்றேன். அதற்கும் ஒரு படிவம் இருந்தது.

கூடத்தில் அறுபத்துநான்கு மேசைகள். ஒரு மணிக்கு அவள் நினைப்பு வந்தது. ஆளுக்கொரு துண்டாகக் குனிந்து படித்தார்கள். கடைசி மேசைக்காரர் கண்ணாடியைத் தேடினார். அவர் முடிக்கும்வரை மற்ற அறுபத்துமூன்று பேரும் காத்திருந்தார்கள். சென்னியப்பன் துண்டுகளை ஒட்டி, சரிபார்ப்பதற்காக உரக்க வாசித்தார்.

"ஏனுங்க, சாப்டீங்களா?"

அறுபத்துநான்கு பேரும் எழுந்துவிட்டார்கள்.

"ஆச்சுங்க." "இன்னும் இல்லீங்க." "நீங்க?"

நம் ஊரில் இதைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் இருக்க யாருக்கு மனசு வரும்? சென்னியப்பனே, "இப்பத்தானுங்க, ரெண்டு இட்லி" என்றார். பிறகு முத்திரை குத்தினார்.

"பதில் வந்தாச்சு. இனி இது பெட்டிக்குப் போகாதுங்க."

"அது எனக்கு வந்த கேள்விங்க!"

"பேரு இல்லீங்களே."

"எம்பேர அவ என்னைக்குச் சொன்னா? கட்டுன நாளா 'ஏனுங்க'தான்!"

எனக்கு வந்ததே கோபம். மேசைமேல் ஏறிவிட்டேன். "உங்களுக்கெல்லாம் கேக்க வூட்ல ஆளிருக்குதுங்க. எனக்கு அவ ஒருத்திதான்" என்று கத்தினேன். கடைசி மேசைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்புத்தானுங்க" என்றார்.

மறுநாள் அறுபத்துநான்கு பேரும் வாயில் பென்சிலைக் கவ்விக்கொண்டு வேலை செய்வதாக முடிவாயிற்று. சென்னியப்பனுக்கு மட்டும் இரண்டு பென்சில்.

நான் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். மணி ஒன்று. தெய்வானையின் கண் என் பக்கம் திரும்பியது. அந்த நொடியே பெட்டி பேசியது.

"ஏனுங்க, சாப்டீங்களா?"

அவளுக்கும் வியாழன், எனக்கும் வியாழன். அடுப்பே பற்றவைக்கவில்லை. அவள் வருத்தப்படுவாளே என்று, 'ஆச்சு' என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் பெட்டி முந்திக்கொண்டது.

"பொய்யி. எந்திரிச்சுப் போயி ரெண்டு பேருக்கும் உலை வைங்க."