எண்பத்து மூன்று வீத ஈரம்

1

இந்தக் கதை ஓர் எண்ணிலிருந்து பிறந்தது, ஒளிப்பானேன்? யாழ்ப்பாணத்துக் கரவெட்டிப் பக்கம், ஒழுங்கை என்கிற ஒடுங்கிய தெரு ஒன்றில், ஒரு வீட்டுக் குப்பையின் ஈரம் எண்பத்து மூன்று வீதம். அதே ஒழுங்கையில் மற்ற முப்பத்தொன்பது வீடுகளும் நாற்பதைத் தாண்டவில்லை. மழையும் இல்லை. பார்த்தவுடனே கஜந்தினியைச் சந்தேகித்தேன்.

கஜந்தினி நான் உண்டாக்கிய பெண். வீடு வீடாகக் குப்பை வாங்கி, கையால் பிரித்து, நிறுத்து, மின்னடுப்பில் காயவைத்து, திரும்ப நிறுப்பது அவள் வேலை. அந்த எண்களை வைத்துத்தான் குப்பையை உரமாக்கும் இயந்திரத்துக்கு அளவு சொல்வார்கள்.

மேலதிகாரி வாகீசன் அவள் எழுதிய அட்டவணையை அவள் பக்கமே தள்ளிவைத்தார். “தண்ணி ஊத்தினனீரோ? இல்லாட்டி வீட்டிலை இருந்து எழுதினனீரோ? நாளைக்குக் காரணம் சொல்லும். இல்லையெண்டால் வேலைக்கு வரவேண்டாம்.”

2

வெயில் கொளுத்திய அந்தக் காலையில் அவள் சைக்கிளை... (வேண்டாம். என் கதைகள் எல்லாம் வெயிலில்தான் தொடங்குகின்றன.)

அவள் பொய்தான் எழுதியிருந்தாள், ஏனென்றால்... (இதுவும் வேண்டாம். பொய்க்காரியை எழுதுவது லேசு. அதனாலேயே என்மேலும் எனக்குச் சந்தேகம்.)

3

மறுநாள் அலுவலகம் போகுமுன், எண்பத்து மூன்று வந்த அந்த வீட்டுக்குக் கஜந்தினி சொல்லாமல் கொள்ளாமல் போனாள். வீட்டுக்காரி செல்வநாயகி கிணற்றடியில் குந்தியிருந்து, மீன் செதில், தேயிலைச் சக்கை, வெங்காயத் தோல் எல்லாவற்றையும் அரிதட்டில் போட்டு அலசிக்கொண்டிருந்தார்.

“என்ன அன்ரி செய்யிறியள்?”

“நீர் கையாலை கிண்டுறனீரெல்லே பிள்ளை. நாறின குப்பையை எப்பிடித் தாறது? வெக்கமெல்லே!”

“எப்பவும் கழுவியோ தாறனீங்கள்?”

“ஓம். ஒழுங்கையிலை எல்லாரும் அப்பிடித்தான். கழுவி, வெயிலிலை காயவிட்டுத்தான் தருவம். போன கிழமை எனக்குக் காயவிட நேரம் காணேல்லை.”

(அட கடவுளே! ஓர் எண்ணைச் சந்தேகித்துக்கொண்டு, மற்ற முப்பத்தொன்பதையும் அப்படியே நம்பியிருக்கிறேன்.)

4

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறாள். அவள் வேலை தப்பிப் பிழைக்கிறது. மூன்று மாத அளவீடு வீணாகிறது. வாகீசன் ஒழுங்கைப் பெண்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

முடிவு இரண்டு: தராசில் பிழை என்கிறாள். காய்ந்த குப்பைக்கு அளவெடுத்த இயந்திரம் வருகிறது; இயந்திரத்துக்கு என்ன வெட்கமென்று யாரும் கழுவாத, காயவிடாத குப்பை உள்ளே போனதும் அடைத்துக்கொள்கிறது.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் செல்வநாயகி கையைத் துடைத்துக்கொண்டு குறுக்கே வந்து கேட்கிறார்:

“பிழையே பிள்ளை? வாற முறை வடிவாக் காயவிட்டுத் தாறன்.”

கஜந்தினி வாயைத் திறக்கிறாள். ‘இல்லை அன்ரி’ என்று எழுதி வெட்டினேன். ‘ஓம், பிழைதான்’ என்று எழுதினேன். செல்வநாயகியின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் அதையும் வெட்டினேன்.

இனி நீங்கள் எழுதுங்கள். அந்த மனுசி வெட்கப்படக் கூடாது; கஜந்தினி பொய் சொல்லவும் கூடாது. முடியும் என்பீர்கள். எனக்கு நம்பிக்கையில்லை.