மூன்று பின்னல்

மய்யித்தைக் குளிப்பாட்டும் அறையின் வாசலில் அகமது கபீர் கையைக் குறுக்கே நீட்டி நின்றார்.

"ரம்ஸியா போதும். இங்கெ வேலைக்கு இருக்கிற பொம்புளைங்க ஒத்தாசை பண்ணுவாங்க. நீங்க அப்படி உக்காருங்க."

கற்பூரப் பொட்டலத்தோடு வந்த ஜொஹரா மாமி விழித்தாள். துபாய் தேராவில் பக்கத்து ஃபிளாட்காரி. மதீனா பீவிக்குக் கூடப்பிறக்காத பிறப்பு. தன் மனைவி ஊருக்குப் போயிருப்பதாக எட்டு மாதமாய் அவளை நம்பவைத்திருந்தார் அகமது கபீர். மதீனாவோ ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்து செத்திருந்தாள்.

ரம்ஸியா வாப்பாவின் எதிரே வந்து நின்றாள். உம்மா கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று: "என்னெ ஜொஹரா குளிப்பாட்டட்டும்." அதற்கும் வாப்பா குறுக்கே நின்றார். எல்லாம் தலைமுடிக்காக.

வாப்பாவின் கடையில் ஆர்கன் எண்ணெய்தான் ராஜா. மொரோக்கோவில் ஆடு ஏறி மேய்கிற மரம், கொட்டையைக் கல்லால் உடைத்துப் பருப்பைத் திரிகையில் அரைக்கிற பெண்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் அளப்பார். முகத்துக்கு இரண்டு சொட்டு, வெடித்த உதட்டுக்கு ஒன்று, முடிக்கு நுனிவரை. கதை முடிகிற இடத்தில் பாட்டிலைத் திருப்புவார். அதில் ஒட்டிய படத்தில், இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தலோடு ஒருத்தி முதுகு காட்டி நிற்பாள்.

"என் சம்சாரம்தான்."

அந்தக் கூந்தல் காயல்பட்டினத்துத் தேங்காயெண்ணெயில் வளர்ந்தது. மொரோக்கோக்காரிகள் கையொடிய எடுத்ததில் ஒரு சொட்டும் அவள் தலையில் பட்டதில்லை. கீமோவில் முடி கொட்டியதும் மனுஷன் முதலில் செய்த வைத்தியம், கதவைச் சாத்தியதுதான்.

"வாப்பா, கையெ எடுங்க."

"மெதுவாப் பேசு புள்ளெ. இவங்க பாத்தா தேரா பூரா தெரிஞ்சிரும். கஸ்டமர் என்ன நெனைப்பான்?"

"எடுக்கலேன்னா இங்கெயே நின்னு நானே எல்லாருக்கும் சொல்லுவேன்."

கை இறங்கியது.

உள்ளே தலைத்துணியை விலக்கியதும் ஜொஹரா மாமி குனிந்து பார்த்தாள். பிறகு அந்த மொட்டைத் தலையில் உள்ளங்கையை வைத்தாள்.

"அடி பாவி, இதுக்கா என்கிட்டெ ஒளிஞ்சே?"

"உம்மா ஒளியலெ, மாமி" என்றாள் ரம்ஸியா.

வலப்பக்கம் தொடங்கித் தண்ணீர் ஊற்றினார்கள். முடியிருக்கிற பெண்ணென்றால் மூன்று பின்னலாகப் பின்னிப் பின்னால் விடுவது வழக்கம். பின்ன வேண்டிய நேரத்தில் மாமி வெறுந்தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். குளிப்பாட்டியவர்கள் மய்யித்திடம் கண்ட குறையை வெளியே சொல்லக்கூடாது என்பது மார்க்கம். வாப்பாவும் ஓதித் தெரிந்ததுதான். என்ன செய்ய, எல்லோரையும் அவர் தன்னைப் போலவே நினைத்தார்.

கஃபன் துணி சுற்றி முடித்து வெளியே வந்தபோது, கடைக்கு வழக்கமாக வரும் ஒருத்தி மாமியின் கையைப் பிடித்தாள். "அவ்வளவு முடியையும் பின்னவே நேரமாயிருக்குமே?"

ஜொஹரா மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பக்கத்தில் அகமது கபீர் மூச்சைப் பிடித்து நின்றார்.

"மூணு பின்னலும் கைக்கு அடங்கலெ" என்றாள் மாமி.

வாப்பாவின் முகம் தெளிந்ததை ரம்ஸியா பார்த்தாள். காலையிலிருந்து வராத கண்ணீர் இப்போது அவருக்கு வந்தது. கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே, அந்த வாடிக்கைக்காரியைப் பார்த்துச் சொன்னார்:

"எல்லாம் நம்ம எண்ணெதான்."

அவள் தலையாட்டினாள். ரம்ஸியா ஈரக் காலோடு வெயிலில் இறங்கி, மய்யித்து வண்டி நின்ற பக்கமாக நடந்தாள்.